அறுபது குதிரையின் மலைப்பயணம்

உடுமலையிலிருந்து மூணாறு போகும் சாலையில் ஒன்பதாறு செக்போஸ்ட் வரைக்கும் எந்த வண்டியும் ஓடும். அதைத் தாண்டி ஏற்றம் தொடங்கிய பிறகுதான் எஞ்சினின் குணம் தெரியும். அந்தச் சாலையை ஒட்டிய அமராவதி நகரில், 1957-இல் கட்டிய அணையும் 1962-இல் தொடங்கிய சைனிக் பள்ளியும் இருக்கும் அந்த மலையடிவாரத்தில், இரண்டு தலைமுறை ஜீப்புகளைச் சேர்ந்தாற்போல் பார்க்கலாம். ஒன்று, தென்னந்தோப்புக்காரர்களிடம் இருக்கும் பழைய மகிந்திரா. தேங்காய் மூட்டையும் உர மூட்டையும் ஏற்றி ஏற்றிப் பட்டைகள் படுத்துப்போன வண்டி. இன்னொன்று, ஞாயிற்றுக்கிழமை திருப்பூரிலிருந்து வரும் புது மகிந்திரா தார். இரண்டு வண்டிக்காரர்களும் மெக்கானிக்கிடம் கேட்பது ஒரே கேள்விதான்: “இன்னும் கொஞ்சம் பவர் ஏத்த முடியுங்களா?”

இந்தக் கேள்விக்கு எண்பது வயதுக்கு மேல் ஆகிறது. ஜீப் பிறந்ததே இதற்கு விடையாகத்தான்.

1940-இல் அமெரிக்க ராணுவம் ஓர் இலகுவான நாலுசக்கர இழுவை வண்டி கேட்டபோது மூன்று கம்பெனிகள் மாதிரி வண்டி செய்து கொடுத்தன. பான்டம் கம்பெனியின் எஞ்சினும் ஃபோர்டின் எஞ்சினும் 50 குதிரையை எட்டவில்லை. ஃபோர்டு வைத்தது தன்னுடைய டிராக்டர் எஞ்சினின் மாற்று வடிவம். வில்லிஸ் கம்பெனியிடம் மட்டும் 60 குதிரை இருந்தது. அது புது எஞ்சினும் அல்ல. வில்லிஸின் பழைய கார் எஞ்சின், 48 குதிரைதான் தந்துகொண்டிருந்தது. பார்னி ரூஸ் என்ற பொறியாளர் 1938-இல் அங்கே சேர்ந்து, 2,199 சிசி என்ற அளவைத் தொடாமலே அதை 60-க்கு ஏற்றினார். பிஸ்டன்களின் எடையைக் குறைத்தார், இடைவெளிகளை இறுக்கினார், உலோகங்களை மாற்றினார். நிமிடத்துக்கு 4,000 சுற்று சுற்றினாலும் பேரிங் உருகாத எஞ்சின் ஆயிற்று. ‘கோ டெவில்’ என்று பெயர் பெற்றது அதுதான். பவர் ஏற்றுவது என்றால் என்ன என்று இன்றைக்கும் பாடமாகச் சொல்லித்தரக்கூடிய வேலை அது. வெளியிலிருந்து எதையும் கொண்டுவந்து ஒட்டவில்லை. உள்ளே வீணாய்ப் போய்க்கொண்டிருந்ததை மீட்டார்.

போர் முடிந்ததும் அமெரிக்கப் படை இந்தியாவில் விட்டுப்போன ஜீப்புகள் ஏலத்துக்கு வந்தன. 1945-இல் தொடங்கிய மகிந்திரா அண்டு முகமது கம்பெனி, மகிந்திரா அண்டு மகிந்திரா ஆகி, பம்பாயில் வில்லிஸ் ஜீப்பின் பாகங்களைப் பூட்டத் தொடங்கியது. அடுத்து வந்தது ‘ஹரிகேன்’ எஞ்சின். அதே வில்லிஸ் அடிக்கட்டை. ஆனால் காற்றை உள்ளே விடும் வால்வு மட்டும் பக்கவாட்டிலிருந்து தலைக்கு மேலே போயிற்று. காற்று தாராளமாக நுழைந்தது. பவர் 70-ஐத் தாண்டியது. எஞ்சின் உயரமாகிவிட்டதால் பானட்டையும் தூக்க வேண்டி வந்தது. நம் ஊர் பழைய ஜீப்புகளின் முகம் ஏன் அவ்வளவு நெடுமூக்கோடு இருக்கிறது என்று யோசித்தவர்களுக்கு இதுதான் காரணம். காற்று வாங்கும் வால்வுக்காக ஒரு வண்டியின் முகமே மாறிப்போனது.

பெட்ரோல் ஜீப்பை ஓட்டியவர்கள் இன்றும் அதன் பிக்கப்பைச் சொல்லிச் சொல்லி மகிழ்வார்கள். ஆனால் குடிக்கும். 1973-க்குப் பிறகு பெட்ரோல் விலை ஏறிய ஏற்றத்தில் ஜீப் வைத்திருப்பவர்கள் திணறிப்போனார்கள். அப்போதுதான் இந்த எஞ்சினின் கதை யாரும் எதிர்பாராத பக்கம் திரும்பியது. மகிந்திராவுக்கு டிராக்டர் தொழிலும் இருந்தது. இன்டர்நேஷனல் ஹார்வெஸ்டர் கம்பெனியோடு கூட்டுச் சேர்ந்து 1960-களில் பி-275 டிராக்டரைச் செய்துகொண்டிருந்தார்கள். அந்தக் குடும்பத்து டீசல் எஞ்சினை ஜீப்புக்குள் இறக்கினார்கள். 1940 போட்டியில் டிராக்டர் எஞ்சின் வைத்த ஃபோர்டைத் தோற்கடித்த வண்டிக்கே, இந்தியாவில் டிராக்டர் எஞ்சின் வாழ்வு கொடுத்தது.

சாட்சி வேண்டுமானால் பிற்காலத்து மகிந்திரா டிஐ எஞ்சினின் அளவைப் பாருங்கள். 2,523 சிசி. சிலிண்டர் விட்டம் 88.9 மில்லிமீட்டர், பிஸ்டன் ஓட்டம் 101.6 மில்லிமீட்டர். மீட்டர் கணக்கில் இவை விநோதமான எண்கள். அங்குலத்துக்கு மாற்றினால் சரியாக மூன்றரை, சரியாக நான்கு. ஹார்வெஸ்டரின் பழைய டிராக்டர் அளவு அது. நடுவில் 1980-களில் பிரான்சிலிருந்து பூஜோவின் 2,112 சிசி டீசல் எஞ்சின் வந்து, இகத்புரியில் தயாராகி, நல்ல பெயரும் எடுத்தது. டிஐ எஞ்சினைவிட மிருதுவாகவும் சற்று வேகமாகவும் ஓடியது. ஆனாலும் தோட்டத்துக்காரர்களும் மலைக்காரர்களும் திரும்பத் திரும்பக் கேட்டது டிராக்டர் ரத்தம் ஓடுகிற எஞ்சினைத்தான். அவர்கள் கேட்டது பழக்கத்தால் மட்டும் அல்ல.

இந்த இடத்தில் கொஞ்சம் கணக்கு பார்த்தால்தான் விஷயம் விளங்கும். 2010-இல் வந்த மகிந்திரா தாரின் டிஐ மாடலுக்குக் கம்பெனி சொன்ன பவர் 63 குதிரை. 1941-இல் போருக்குப் போன ஜீப்புக்கு 60. எழுபது வருஷத்தில் மூன்றே குதிரையா என்று யாருக்கும் தோன்றும். குதிரைத்திறன் என்பது முறுக்குவிசையைச் சுழற்சி வேகத்தால் பெருக்கி வருவது. கோ டெவில் எஞ்சினின் உச்ச முறுக்குவிசை சுமார் 142 நியூட்டன் மீட்டர். டிஐ எஞ்சினுக்கு 182. மலைப்பாதையில் வண்டி 4,000 சுற்றில் ஓடுவதில்லை. 1,500-ஐச் சுற்றித்தான் ஓடும். அந்த 1,500 சுற்றில் கணக்குப் போட்டால் டிஐ எஞ்சின் 38 குதிரை தருகிறது. பழைய பெட்ரோலுக்கு 30 கூட வராது. காகிதத்தில் மூன்று குதிரையாகத் தெரிந்தது, கல்லும் சேறுமாக இருக்கிற ஏற்றத்தில் கால் பங்குக்கும் மேலான வித்தியாசம். சமதளத்தில் முந்திய வண்டி மேலே நின்றுபோவதும், பின்னால் முக்கிக்கொண்டு வந்தது தாண்டிப் போவதும் இதனால்தான்.

வேகம் வேண்டும் என்று கேட்கிறவர்கள் தங்களுக்கு வேண்டியது எந்தச் சுற்றில் என்று முதலில் முடிவு செய்துகொள்ள வேண்டும். தாராபுரம் ரோட்டில் நூறில் போகவேண்டுமா, தோப்புக்குள் சேற்றில் சிக்காமல் ஏறவேண்டுமா? ஒரே எஞ்சினில் இரண்டையும் உச்சத்துக்குக் கொண்டுபோவது பழைய வண்டியில் நடக்காத காரியம்.

உடுமலைப் பக்கத்து டீசல் பட்டறைகளில் பம்ப் வேலை நடக்கும்போது கூட நின்று பார்க்க வேண்டும். மெக்கானிக்கின் தோளில் எப்போதும் ஒரு பிடி பனியன் வேஸ்ட் கிடக்கும். திருப்பூரில் கட்டிங் டேபிளில் விழுந்த வெள்ளைத் துணித்துண்டுகள் மூட்டையாக வந்து, இங்கே டீசலும் கிரீஸும் துடைத்துக் கறுத்துப்போகின்றன. டீசல் பம்ப்பில் ஒரு திருகாணி உண்டு. ஒவ்வொரு அடிப்புக்கும் எவ்வளவு டீசல் போக வேண்டும் என்பதற்கு அதுதான் வரம்பு. கம்பெனி சீல் வைத்து அனுப்பியிருக்கும். அதைக் கால் சுற்றுத் திருப்பினால் போதும், வண்டி அப்போதைக்குத் துள்ளும். ஓட்டுகிறவர் முகத்தில் சிரிப்பு வரும். சைலன்சரில் கரும்புகையும் வரும். அந்தப் புகைதான் உண்மையைச் சொல்கிறது: போன டீசல் முழுதும் எரியவில்லை. உள்ளே வரும் காற்று அதே அளவுதான். டீசல் மட்டும் கூடிவிட்டது. எரியாதது புகையாகப் போக, எஞ்சினின் சூடு ஏறுகிறது. நீளமான ஏற்றத்தில் இந்தச் சூடு ஹெட் கேஸ்கெட்டையோ பிஸ்டன் தலையையோ பதம் பார்த்துவிடும். திருகாணியைத் திருகி ஏற்றிய பவரை மலை பாதி வழியிலேயே திரும்ப வாங்கிக்கொள்ளும்.

நல்ல மெக்கானிக் திருகாணியைக் கடைசியில்தான் தொடுவார். முதலில் ஏர் ஃபில்டரைக் கழற்றுவார். தோப்பு மண்ணில் ஓடும் வண்டியில் அது பெரும்பாலும் புழுதியால் அடைபட்டிருக்கும். பிறகு நாசல்களை எடுத்து சோதனைப் பம்ப்பில் மாட்டி அடித்துப் பார்ப்பார். நல்ல நாசல் பனி மாதிரித் தூவும், தேய்ந்துபோனது ஒழுகும். அப்புறம் கம்ப்ரஷன், டைமிங், கிளட்ச், பிரேக் பிடித்துக்கொண்டிருக்கிறதா என்பது வரைக்கும். பத்துப் பதினைந்து வருஷம் ஓடிய ஜீப் தன்னுடைய 63 குதிரையில் எத்தனையை வழியில் தொலைத்திருக்கிறது என்பது இந்தச் சோதனைகளில்தான் தெரியும். தொலைத்ததை மீட்காமல் புதிதாக ஏற்றப் பார்ப்பது வீண் செலவு என்று நான் உறுதியாக நம்புகிறேன். பார்னி ரூஸ் செய்ததும் இந்த வழிதான். அவர் செய்தது தொழிற்சாலையில், இது பட்டறைத் தரையில்.

மலைக்கு மேலே போகப்போக இன்னொரு விஷயம் சேர்ந்துகொள்கிறது. மறையூர், மூணாறு தாண்டி, சூரியநெல்லியிலிருந்து தேனி மாவட்டத்துக் கொழுக்குமலைத் தேயிலைத் தோட்டத்துக்கு ஜீப் மட்டுமே போகும் பாதை இருக்கிறது. விடியலைப் பார்க்க ஆட்களை ஏற்றிக்கொண்டு இருட்டிலேயே வரிசையாகக் கிளம்பும் பழைய மகிந்திராக்கள், உருண்டு கிடக்கும் கற்களின்மேல் ஊர்ந்து ஏறுகின்றன. அந்த உயரம் ஏறக்குறைய 7,900 அடி. அங்கே காற்றின் அடர்த்தி கடல் மட்டத்தில் இருப்பதில் சுமார் ஐந்தில் நான்கு பங்கு. டர்போ இல்லாத எஞ்சின் அங்கே போய்ச் சேரும்போது தன் பவரில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கை இழந்திருக்கும். கீழே சரியாக வைத்த பம்ப் மேலே போனால் புகைகிறது, ஏனென்றால் பம்ப் அளக்கும் டீசல் குறையவில்லை, காற்று மட்டும் குறைந்துவிட்டது. அந்த ஓட்டுநர்கள் இதை எதிர்கொள்வது பவரால் அல்ல, கியரால். ஃபோர் வீல் போட்டு, குட்டி கியரை லோவுக்குத் தள்ளினால் சக்கரத்துக்குப் போகும் முறுக்கு சுமார் இரண்டரை மடங்கு கூடும். வேகம் அதே அளவு குறையும். ஒரு பைசா செலவில்லாமல் கம்பெனி கொடுத்த இழுவை அது. இறங்கும்போது பிரேக்கைச் சூடாக்காமல் வண்டியைப் பிடித்து நிறுத்துவதும் அதே கியர்தான்.

டர்போ வந்ததன் அருமை இங்கே புரியும். வெளியே போகிற புகையின் விசையில் ஒரு விசிறியைச் சுழற்றி, காற்றை அமுக்கி உள்ளே திணிக்கிறது. உயரத்தில் இழந்ததில் பெரும் பகுதியை மீட்டுக் கொடுக்கிறது. 2010 தாரின் சிஆர்டிஇ மாடல் இதனோடு காமன் ரயிலும் சேர்த்து, டிஐ எஞ்சினைவிடச் சற்றே சிறிய 2,498 சிசியில் 105 குதிரையும் 247 நியூட்டன் மீட்டரும் தந்தது. திருகாணியின் இடத்தில் கம்ப்யூட்டர் உட்கார்ந்தது. 2020-இல் வந்த புதுத் தாரில் டீசலுக்கு 130 குதிரை, இரண்டு லிட்டர் டர்போ பெட்ரோலுக்கு 150. பெட்ரோலை விட்டுப் போன ஜீப் கிட்டத்தட்ட நாற்பது வருஷ டீசல் வாழ்க்கைக்குப் பிறகு பெட்ரோலுக்கும் திரும்பியிருக்கிறது, வில்லிஸ் கொடுத்ததைப் போல இரண்டரை மடங்கு பவரோடு.

இதுவும் போதாது என்று ரீமேப் செய்கிறார்கள். கம்ப்யூட்டருக்குள் இருக்கும் டீசல் அளவையும் டர்போ அழுத்தத்தையும் திருத்தி எழுதுவது. இன்னும் சிலர் டியூனிங் பாக்ஸ் மாட்டுகிறார்கள். காமன் ரயிலில் டீசலின் அழுத்தம் குறைவாக இருப்பதுபோல் கம்ப்யூட்டருக்குப் பொய் சொல்லி அதிக டீசலை வாங்கும் பெட்டி அது. ரீமேப், தெரிந்தவர் கையில் நிஜமான பலன் தரும். பெட்டியை நான் யாருக்கும் சொல்லமாட்டேன். இரண்டிலும் கூடுதல் முறுக்கைத் தாங்கவேண்டியது கிளட்ச்சும் கியர்பாக்ஸும்தான். அவற்றை யாரும் ரீமேப் செய்வதில்லை. வாரண்டியும் போய்விடும். இதைவிட வேடிக்கை டயர் விஷயம். ஆஃப் ரோடு என்று 28 அங்குல டயரைக் கழற்றி 31 அங்குலம் மாட்டுகிறார்கள். பார்க்கக் கம்பீரம்தான்; ஆனால் ஒவ்வொரு கியரும் பத்து சதவீதம் உயர்ந்துவிடுகிறது. சக்கரத்தின் இழுவை அதே அளவு குறைகிறது, ஸ்பீடோமீட்டரும் குறைத்துக் காட்டுகிறது. ரீமேப்புக்குச் செலவழித்த பணத்தில் பாதியை டயர் தின்றுவிடுகிறது.

சட்டத்தையும் மறக்கக் கூடாது. மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவின்படி, ஆர்.சி. புத்தகத்தில் உள்ள விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றியமைக்க முடியாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. பழைய பெட்ரோல் ஜீப்புகளில் மெட்டடோர் எஞ்சினை இறக்கி ஓட்டிய காலம் போய்விட்டது. எஞ்சின் மாற்றுவதென்றால் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் முன்கூட்டியே அனுமதி வாங்கித்தான் மாற்ற வேண்டும்.

ஒன்பதாறு செக்போஸ்ட்டுக்கு அந்தப் பக்கம் ஆனைமலைப் புலிகள் காப்பகம். சாலையைக் குறுக்கே கடக்கும் யானைக் கூட்டத்துக்கு முன்னால் 150 குதிரையும் எஞ்சினை அணைத்துக் காத்து நிற்க வேண்டியதுதான். பவரை முழுதாக அவிழ்த்துப் பார்க்க ஆசைப்படுகிறவர்களுக்குக் கோவை செட்டிபாளையத்தில் கரி மோட்டார் ஸ்பீட்வே இருக்கிறது. சேறும் மேடும் வேண்டுமென்றால் சொந்தத் தோப்பு இருக்கிறது, நண்பரின் பட்டா நிலம் இருக்கிறது. அங்கே லோ கியர் போட்டு, 1,500 சுற்றில் ஒரு ஏற்றத்தை ஏறிப் பாருங்கள். அதற்கப்புறம் மெக்கானிக்கிடம் போய் என்ன கேட்பது என்று முடிவு செய்யுங்கள்.