மீள்கட்டுமானமும் நினைவும்: லெ ஆவ்ர் புனித சூசையப்பர் ஆலயக் கட்டடக்கலை

முன்னுரை

போரில் அழிந்த ஆலயத்தை மீளக் கட்டுவோர்முன் இரு வழிகள் உள்ளன. பழைய உருவத்தை மீட்டெடுப்பது ஒன்று. இழப்பை ஏற்றுப் புதிய உருவம் படைப்பது மற்றொன்று. பிரான்சின் துறைமுக நகரான லெ ஆவ்ரில் அமைந்துள்ள புனித சூசையப்பர் பங்கு ஆலயம் இரண்டாம் வழிக்குச் சான்றாகும். பழைமையைப் போலச் செய்யாத புத்துருவமும் நினைவைச் சுமக்கவல்லது என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

அழிவும் மீள்கட்டுமானமும்

1944 செப்டம்பர் 5, 6 ஆகிய நாள்களில் பிரித்தானிய வான்படை நிகழ்த்திய குண்டுவீச்சில் நகரின் மையப்பகுதி தரைமட்டமானது. பழைய ஆலயமும் அழிந்தது. நகரை மீளக் கட்டும் பொறுப்பு கட்டடக் கலைஞர் ஓகுஸ்த் பெரேயிடம் ஒப்படைக்கப்பட்டது. ஆலயப் பணி 1951இல் தொடங்கியது. 1954இல் பெரே மறைந்தபின் அவருடன் பணியாற்றியோர் 1957இல் அதனை நிறைவுசெய்தனர். பாரிசில் புனித ஜோன் ஆஃப் ஆர்க் ஆலயத்துக்கென 1926இல் பெரே வரைந்து, கட்டப்படாமற்போன கோபுரத் திட்டமே இதற்கு முன்னோடி.

கட்டமைப்பு

ஆலயம் முழுவதும் இரும்புக்கம்பிகளால் வலுவூட்டப்பட்ட கான்கிரீட்டால் ஆனது. மூலைக்கு நான்காக நிற்கும் 16 தூண்கள் எண்கோணக் கோபுரத்தைத் தாங்குகின்றன. கோபுரத்தின் உயரம் 107 மீட்டர். மரபான ஆலயங்களில் கோபுரம் பெரும்பாலும் முகப்பில் நின்று மணிகளைத் தாங்கும். இங்கோ அதன் உட்புறம் வெற்றிடமாக விடப்பட்டுள்ளதால், கீழே நிற்பவரின் பார்வை தடையின்றி மேலே செல்கிறது. தூண்களையும் உத்தரங்களையும் பூச்சு மறைக்கவில்லை; பாரம் இறங்கும் வழி கண்ணுக்குப் புலனாகிறது.

பலிபீடம் கோபுரத்தின் அடியில், நடுவிடத்தில் உள்ளது. இறைமக்கள் அதைச் சூழ்ந்து அமர்கின்றனர். திருவழிபாட்டில் மக்களின் முழுமையான பங்கேற்பை இரண்டாம் வத்திக்கான் சங்கம் (1962–1965) வலியுறுத்துவதற்கு முன்பே இவ்வமைப்பு உருவானது குறிப்பிடத்தக்கது.

ஒளி

மார்கெரித் யூரே வடிவமைத்த சாளரங்களில் 12,768 வண்ணக் கண்ணாடித் துண்டுகள் உள்ளன. புனிதர் உருவங்கள் இல்லை. வண்ண வடிவங்களே உள்ளன. திசைக்கேற்ப நிறங்கள் தெரிவுசெய்யப்பட்டதால், கதிரவனின் நகர்வுக்கேற்ப உள்ளரங்கின் நிறமும் மாறுகிறது. சாம்பல் நிறக் கான்கிரீட்டுக்கு இவ்வொளியே அணிகலன்.

முடிவுரை

பழைய ஆலயத்தின் பெயர் தொடர்ந்தது, உருவம் தொடரவில்லை. எனினும் இவ்வாலயம் குண்டுவீச்சில் இறந்தோரின் நினைவிடமாகவும், கடல்வழி வருவோர்க்குத் தொலைவிலேயே தென்படும் அடையாளமாகவும் விளங்குகிறது. பெரேயின் குழு மீளக் கட்டிய நகர்ப்பகுதி 2005இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்றது. தொன்மையைக் கொண்டு மட்டும் ஆலயங்களை மதிப்பிடும் அணுகுமுறையை மறுபரிசீலனை செய்ய இவ்வாலயம் இடமளிக்கிறது.