சாட்சியம் என்னும் முதல் நீதி

நபித்துவத்துக்கு முந்திய மக்காவில், யமன் நாட்டு ஸபீத் நகரத்து வணிகர் ஒருவர் தம் சரக்கை ஆஸ் இப்னு வாயில் என்னும் குறைஷிப் பிரமுகரிடம் விற்றார். விலைப்பணம் கைக்கு வரவில்லை. ஆஸின் செல்வாக்கைக் கருதி எவரும் துணைக்கு வரவுமில்லை. ஈற்றில் அவ்வணிகர் அபூ குபைஸ் மலைமீதேறித் தம் முறையீட்டை ஊரறிய உரைத்தார். அதன் விளைவாக ஹாஷிம், ஸுஹ்ரா, தைம் முதலிய கிளையார் அப்துல்லாஹ் இப்னு ஜுத்ஆனின் இல்லத்தில் கூடினர். அநீதிக்குள்ளானவர் உள்ளூராராயினும் அயலாராயினும், அவருடைய உரிமை மீளும்வரை அவர் பக்கமே நிற்பதென உடன்படிக்கை செய்தனர். இதுவே ஹில்ஃபுல் ஃபுளூல். அந்த அவையில் இளைஞராக இருந்த நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள், இஸ்லாம் வந்த பின்னரும் அத்தகைய உடன்படிக்கைக்கு அழைக்கப்பட்டால் இணங்குவதாகக் கூறியதை ஸீரா ஆசிரியர்கள் பதிவு செய்துள்ளனர்.

அரசு என்று ஒன்று இல்லாத ஊரில் பொதுமக்களே நீதிக்குப் பொறுப்பேற்றதும், பாதிக்கப்பட்டவரின் முறையீட்டைச் செவிமடுத்ததே அதற்கு முதற்படியாக அமைந்ததும் ஈண்டு நோக்கத்தக்கன.

போர், கலவரம் ஆகியவற்றுக்குப் பின் சமூகங்கள் மீண்டும் ஒன்றுபட்டு வாழ்வதற்கான வழிமுறைகளை இன்றைய அறிஞர்கள் 'நிலைமாறுகால நீதி' என்று வழங்குகின்றனர். உண்மையை வெளிக்கொணர்தல், குற்றத்தை விசாரித்தல், இழப்பை ஈடுசெய்தல், மீண்டும் நிகழாமல் காத்தல் என அது நான்கு கூறுகளை உடையது. தென்னாப்பிரிக்காவில் பேராயர் டெஸ்மண்ட் டூட்டு தலைமையில் அமைந்த ஆணைக்குழு, 1995இல் இயற்றப்பட்ட சட்டத்தின் வழியே உருவானது. அரசுக்கு அத்தகைய விருப்பம் இல்லாத இடத்தில் யார் இதைச் செய்வது என்பதே நம் வினா.

இவ்வினா நமக்கு அயலானதன்று. இராசபாளையத்துக்கு அருகில், சிமெண்ட் ஆலையால் பெயர்பெற்ற ஆலங்குளத்திலிருந்து இதனை எழுதுகிறோம். 1990களில் தென்மாவட்டங்களைச் சாதி மோதல்கள் அலைக்கழித்தபோது, இராசபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் வட்டாரமும் அதற்குத் தப்பவில்லை. 1997இல் விருதுநகரைத் தலைமையிடமாகக் கொண்ட போக்குவரத்துக் கழகத்துக்கு வீரன் சுந்தரலிங்கம் பெயர் சூட்டப்பட்டபோது எழுந்த எதிர்ப்பு கலவரமாக மூண்டது. அரசு அவ்வாண்டே எல்லாப் போக்குவரத்துக் கழகங்களிலிருந்தும் மாவட்டங்களிலிருந்தும் தலைவர்களின் பெயர்களை நீக்கியது. 1998இல் மதுரை மாவட்டம் மேலக்கோட்டையில் முதல் சமத்துவபுரம் திறக்கப்பட்டது. பெயர்ப்பலகைகள் மாறின, வீடுகள் எழுந்தன. ஆயினும் பாதிக்கப்பட்டவர்களைப் பொதுமக்களே அமர்த்திக் கேட்டு, அவர்கள் கூறியதை எழுதிவைக்கும் பணி நம் பகுதியில் நடந்ததாக நாம் அறியவில்லை. எத்தரப்பிலும் சேராத நாமோ, கடைகளை அடைத்துவிட்டு அமைதி திரும்பக் காத்திருந்தோம். அதுவே நமக்குப் போதுமானதாக இருந்தது.

எழுதிவைத்தலின் பயன் யாது என்பதை அறிய, தமிழ் பேசும் முஸ்லிம்களின் அண்மைக்கால வரலாற்றிலேயே ஒரு சான்றுண்டு. 1990 அக்டோபரில் இலங்கையின் வடமாகாணத்தில் வாழ்ந்த முஸ்லிம்கள் அனைவரையும் விடுதலைப் புலிகள் வெளியேற்றினர். மன்னார், முல்லைத்தீவு, கிளிநொச்சி, வவுனியா, யாழ்ப்பாணம் ஆகிய ஐந்து மாவட்டங்களிலிருந்தும் ஏறத்தாழ 75,000 பேர் துரத்தப்பட்டனர். யாழ்ப்பாண நகரில் அக்டோபர் 30 அன்று அவர்களுக்கு அளிக்கப்பட்ட அவகாசம் இரண்டே மணிநேரம். நகைகளும் உடைமைகளும் பறிக்கப்பட்டன. பெரும்பான்மையோர் புத்தளம் மாவட்டத்தில் ஓலைக் குடிசைகளில் தஞ்சம் புகுந்தனர். சில நாள்களுக்கென வந்தவர்கள் அங்கேயே இருபதாண்டுகளைக் கழித்தனர்.

2002 ஏப்ரலில் கிளிநொச்சியில் நடந்த செய்தியாளர் சந்திப்பில் புலிகளின் தலைமை இதற்காக வருத்தம் தெரிவித்தது. அம்மாதமே பிரபாகரனும் முஸ்லிம் காங்கிரஸ் தலைவர் ரவூஃப் ஹக்கீமும் உடன்பாடு ஒன்றில் கையொப்பமிட்டனர். எனினும் 2006இல் போர் மீண்டும் மூண்டபோது, ஆகஸ்ட் மாதத்தில் மூதூர் முஸ்லிம்கள் ஊரைவிட்டு ஓட நேர்ந்தது. தலைவர்களின் உடன்பாடு மக்களின் உள்ளத்தில் வேரூன்றவில்லை.

2009இல் போர் முடிந்தது. அதன்பின் வடக்கு முஸ்லிம்கள் 'பழைய இடம்பெயர்ந்தோர்' என்று வகைப்படுத்தப்பட்டு, உதவிப் பட்டியலில் பின்தள்ளப்பட்டனர். வெளியேற்றத்தை மட்டுமே ஆராய்வதற்கென அரசு எந்த ஆணைக்குழுவையும் அமைத்திருக்கவில்லை. இந்நிலையில் கொழும்பைச் சேர்ந்த சட்ட, சமூக அறக்கட்டளை முன்னின்று ஒரு குடிமக்கள் ஆணைக்குழுவை உருவாக்கியது. எவரையும் அழைப்பாணை விடுத்து வரவழைக்கவோ தண்டிக்கவோ அதற்கு அதிகாரமில்லை. அது செய்ததெல்லாம் பாதிக்கப்பட்டவர்கள் கூறியதைக் கேட்டு எழுதியதுதான். 2011இல் வெளிவந்த அதன் அறிக்கை, வெளியேற்றத்தை மட்டுமன்றி, அகதி வாழ்வையும், மீளக் குடியேறுவோர் எதிர்கொண்ட தடைகளையும் ஒருசேரப் பதிவு செய்தது. மன்னார் எருக்கலம்பிட்டியில் பிறந்த பேராதனைப் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஹஸ்புல்லாஹ், 2018இல் மறையும்வரை தம் மக்களின் இழப்புகளைத் திரட்டி ஆவணப்படுத்தியதும் இவ்வகைப் பணியே.

மற்றொரு தரப்பையும் கூறாவிடில் இவ்வரலாறு நிறைவுறாது. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத் தமிழ் ஆசிரியர்கள் 1988இல் தொடங்கிய மனித உரிமை அமைப்பு, தன் உறுப்பினர் ராஜினி திராணகம 1989 செப்டம்பரில் சுட்டுக்கொல்லப்பட்ட பின்னரும், 1991இலேயே முஸ்லிம்களின் வெளியேற்றத்தைத் தன் அறிக்கைகளில் கண்டித்து எழுதியது. 2012 ஜனவரியில் தமிழ்க் கல்வியாளரும் செயற்பாட்டாளரும் பலர், இந்த அநீதியைத் தமிழ்ச் சமூகம் ஒப்புக்கொள்ள வேண்டுமெனக் கூட்டாக வேண்டுகோள் விடுத்தனர். 2015இல் நாடாளுமன்ற உறுப்பினர் சுமந்திரன் இதனை இனச் சுத்திகரிப்பு என்றே பெயர்சொல்லிக் கண்டித்தார். தம் பெயரால் இழைக்கப்பட்ட குற்றத்தைத் தாமே கூறுதல், பாதிக்கப்பட்டவர் கூறுவதினும் கடினமானது. அந்நிஸா அத்தியாயத்தின் 135ஆம் வசனம் சாட்சியத்தை இவ்வாறுதான் பணிக்கிறது: அது தமக்கோ பெற்றோருக்கோ உறவினருக்கோ எதிராக அமையினும் நீதியில் நிலைத்திருக்க வேண்டும்.

இக்கட்டளை முதலில் விளிப்பது முஸ்லிம்களாகிய நம்மையே. 1990 ஆகஸ்டில் காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுகையில் இருந்தோரும், ஏறாவூர் மக்களும் கொல்லப்பட்டதை நாம் மறவாது நினைவுகூர்கிறோம். அதே மாதத்தில் வீரமுனையில் தஞ்சம் புகுந்திருந்த தமிழர் கொல்லப்பட்டதையும், அதில் முஸ்லிம் ஊர்காவல் படையினருக்கும் பங்கிருந்ததாகப் பதிவாகியுள்ளதையும் நம் ஏடுகளில் எத்தனைமுறை எழுதியிருக்கிறோம்? தமிழ் அறிஞர்களின் துணிவைப் போற்றும் நாம் இவ்வினாவுக்கு விடை கூறக் கடன்பட்டுள்ளோம்.

பதிவு செய்தல் மட்டும் நீதியாகிவிடாது என்பதும் உண்மை. 2016இல் இலங்கை அரசு, குடிமைச் சமூகத்தைச் சேர்ந்த பதினொருவரைக் கொண்ட ஆலோசனைச் செயலணியை நியமித்தது. அது 7,306 முறையீடுகளைப் பெற்று 2017 ஜனவரியில் அறிக்கை அளித்தது. அதன் முதன்மைப் பரிந்துரையான விசேட நீதிமன்றம் அமையவேயில்லை. 2020இல் அடுத்த அரசு, ஐ.நா. மனித உரிமைப் பேரவையில் முன்னர் அளித்த உறுதிமொழியிலிருந்தே விலகிக்கொண்டது. வடக்கில் மீள்குடியேற்றமும் முழுமை பெறவில்லை. ஆயினும் வெளியேற்றம் நடக்கவேயில்லை என்றோ, மக்கள் தாமே விரும்பிச் சென்றனர் என்றோ இனி எவரும் எளிதில் சொல்ல இயலாது. குடிமக்களின் ஏடுகள் அதற்குத் தடையாக நிற்கின்றன.

நம் ஜமாஅத்துகள் நிகாஹ் தஃப்தர்களைத் தலைமுறைகளாகப் பேணி வருகின்றன. அதே பொறுப்புடன் இன்னுமோர் ஏட்டைத் திறக்க இயலாதா? 1990களின் மோதல்களில் வீடிழந்தோரும் உறவை இழந்தோரும் இராசபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் வட்டாரத்தில் இன்றும் முதுமையில் வாழ்கின்றனர். எத்தரப்பிலும் சேராதவர்கள் என்பதாலேயே, இரு தரப்பாரும் நம்மிடம் பேச இணங்கக்கூடும். அரபிக் கல்லூரி மாணவர்கள் ஊர்ப் பெரியவர்களுடனும் பிற சமூகத்து ஆசிரியர்களுடனும் சென்று அவர்கள் கூறுவதைக் கேட்டு எழுதலாம். அபூ குபைஸ் மலைமீது நின்றவரின் குரல் அன்று மக்காவாசிகளின் செவியில் விழுந்தது. நம் வட்டாரத்தின் முதியோர் மறையுமுன் அவர்களின் குரலை நாம் கேட்டாக வேண்டும்.