சிரிப்பு யாரை நோக்கி? இந்தியத் தொலைக்காட்சி நகைச்சுவையும் ‘புண்படுதல்’ என்ற சொல்லின் வரலாறும்

2016ஆம் ஆண்டின் தொடக்கத்திலும் அதன் பிற்பகுதியிலும் இந்தித் தொலைக்காட்சி உலகில் இரண்டு நிகழ்வுகள் நடந்தன. இரண்டும் நகைச்சுவை பற்றியவை. இரண்டிலும் ‘எல்லை மீறல்’ என்ற சொல் பயன்பட்டது. ஆயினும் அவற்றின் விளைவுகள் முற்றிலும் வேறுபட்டவை. இந்தியாவில் நகைச்சுவையின் எல்லையை வகுப்பவர் யார் என்ற வினாவுக்கு, அவ்விரண்டையும் அருகருகே வைத்துப் பார்ப்பதைவிடத் தெளிவான விடை கிடைப்பது அரிது.

முதல் நிகழ்வு ஜனவரியில் நடந்தது. அதற்கு முந்தைய மாத இறுதியில் ஒளிபரப்பான ஒரு தொலைக்காட்சி நிகழ்ச்சியில், தேரா சச்சா சௌதா அமைப்பின் தலைவர் குர்மீத் ராம் ரஹீம் சிங்கைப் போல வேடமிட்டு நடித்தார் கிக்கு ஷார்தா. அடியார்களின் சமய உணர்வு புண்பட்டதாகப் புகார் எழுந்தது. ஹரியானா காவல்துறை அவரைக் கைது செய்தது. நீதிமன்றக் காவலுக்கு உத்தரவிடப்பட்டு, பின்னர் அவர் பிணையில் வந்தார்.

இரண்டாவது நிகழ்வு செப்டம்பரில். தம் திரைப்படத்தை அறிமுகப்படுத்துவதற்காகக் ‘காமெடி நைட்ஸ் பசாவ்’ நிகழ்ச்சிக்குச் சென்ற நடிகை தன்னிஷ்டா சாட்டர்ஜி, தம் தோலின் நிறத்தை மட்டுமே பொருளாகக் கொண்ட கேலிகள் தொடர்ந்ததால் பாதியிலேயே வெளியேறினார். பின்னர் எழுதிய பதிவில், அந்தக் கேலிக்குள் நிறம் மட்டுமன்றிச் சாதியும் ஒளிந்திருப்பதை அவர் எடுத்துக்காட்டினார். அவருடைய பிராமணக் குடும்பப் பெயரையும் கறுத்த நிறத்தையும் பொருத்திப் பார்க்க இயலாமல் வியந்தவர்களின் மனப்பாங்கே அந்தச் சிரிப்புக்கும் வேர் என்பது அவர் வாதம். அலைவரிசை வருத்தம் தெரிவித்தது. நிகழ்ச்சிகள் வழக்கம்போல் தொடர்ந்தன.

பல்லாயிரம் அடியார்களும் அரசியல் செல்வாக்கும் உடைய ஒருவரைப் போல வேடமிட்டவர் காவலில் வைக்கப்பட்டார். பிறப்பால் அமைந்த நிறத்தைக் கேலி செய்தவர்களின் மீது எந்தச் சட்டமும் பாயவில்லை. அதே குர்மீத் ராம் ரஹீம் 2017 ஆகஸ்டில் பாலியல் வன்கொடுமைக் குற்றத்துக்காக 20 ஆண்டுச் சிறைத் தண்டனை பெற்றார் என்பதை இங்கே நினைவுகூர வேண்டும். நையாண்டி யாரைத் தொடக்கூடாது என்று சட்டம் காத்து நின்றதோ, அவரைத்தான் அது தொட்டிருக்க வேண்டும் என்பதை இரண்டாண்டுக்குள் வரலாறு உணர்த்தியது.

இந்த முரண் தற்செயலானதன்று. அதற்கு ஏறத்தாழ ஒரு நூற்றாண்டுப் பின்புலம் உண்டு. கிக்கு ஷார்தாவின் மீது ஏவப்பட்ட இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 295ஏ பிரிவு 1927இல் இயற்றப்பட்டது. 1924இல் லாகூரில் வெளியான ஒரு நையாண்டித் துண்டு நூலின் வெளியீட்டாளரை, அன்றிருந்த சட்டத்தின்கீழ்த் தண்டிக்க இயலாது என்று உயர்நீதிமன்றம் விடுவித்தது. அதனால் எழுந்த கொந்தளிப்பே காலனிய அரசைப் புதிய பிரிவு ஒன்றை இயற்றத் தூண்டியது. அந்த வெளியீட்டாளர் 1929இல் கொலையுண்டார். ஆக, ‘உணர்வு புண்படுதல்’ என்ற கருத்து இந்தியச் சட்டத்துக்குள் நுழைந்தபோது அது அமைதி காக்கும் கருவியாகவே நுழைந்தது. அரசு அளந்தது காயத்தின் ஆழத்தையன்று. காயம்பட்டதாகக் கூறும் கூட்டம் தெருவில் இறங்குமா என்பதையே அளந்தது. 1957இல் ராம்ஜி லால் மோதி வழக்கில் உச்சநீதிமன்றம், திட்டமிட்ட தீய நோக்கத்துடன் செய்யப்படும் அவமதிப்புக்கே இப்பிரிவு பொருந்தும் என்று கூறி அதன் செல்லுபடியை ஏற்றது. ஆனால் கைது நடக்கும் நொடியில் நோக்கத்தை எடைபோடுவோர் யாருமில்லை. 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவிலும் இப்பிரிவு 299 என்ற புதிய எண்ணுடன் தொடர்கிறது.

தெருவில் இறங்கக் கூட்டமில்லாதவர்களின் காயத்தை அளக்க இந்தச் சட்டத்திடம் கோல் இல்லை. கறுத்த நிறத்தவர், பருமனான உடலினர், திக்கிப் பேசுவோர், மாற்றுத்திறனாளிகள், திருநங்கையர் ஆகியோர் கேலிக்கு உள்ளாகும்போது சட்டம் ஒழுங்குச் சிக்கல் எழுவதில்லை. ஆகவே, அரசின் பார்வையில் அங்கே எதுவும் நிகழவில்லை.

தொலைக்காட்சி நகைச்சுவையின் வரலாறு இதனுடன் இணைந்தே நகர்ந்தது. தூர்தர்ஷன் மட்டுமே இருந்த காலத்தில், 1984இல் வந்த ‘யே ஜோ ஹை ஜிந்தகி’ நடுத்தரக் குடும்பத்தின் அன்றாடக் குழப்பங்களைச் சிரிப்பாக்கியது. 1989இல் ஜஸ்பால் பட்டியின் ‘ஃப்ளாப் ஷோ’ ஒப்பந்தக்காரர்களையும் அதிகாரிகளையும் கேலி செய்தது. முனைவர் பட்ட மாணவரை வீட்டு வேலைக்குப் பயன்படுத்தும் நெறியாளரைப் பற்றிய அதன் ஒரு பகுதி, இன்றைய ஆய்வு மாணவர்களுக்கும் விளக்கவுரை இன்றியே புரியும். அக்காலத் தொடர்களில் மனைவியைக் கேலி செய்யும் வழக்கம் இல்லாமல் இல்லை. அரசு ஊடகம் என்பதால் ஆட்சியின் உச்சியைத் தொடவும் இயலவில்லை. எனினும், பட்டியின் நகைச்சுவை சிறு அதிகாரங்களை நோக்கியே பாய்ந்தது. பார்வையாளர் சிரித்தது தம்மை நாள்தோறும் அலைக்கழிப்பவர்களைக் கண்டுதான்.

தனியார் அலைவரிசைகள் பெருகிய பின், ‘மூவர்ஸ் அண்ட் ஷேக்கர்ஸ்’ போன்ற நிகழ்ச்சிகளிலும் பொம்மைகளைக் கொண்ட செய்தி நையாண்டிகளிலும் தலைவர்களைப் போலப் பேசிக் காட்டுவது சில காலம் செழித்தது. திருப்பம் 2005இல் நிகழ்ந்தது. ‘தி கிரேட் இந்தியன் லாஃப்டர் சேலஞ்ச்’ நகைச்சுவையைப் போட்டியாக்கியது. தமிழில் ‘கலக்கப் போவது யாரு’ வந்ததும் ஏறத்தாழ அதே காலம். சிற்றூர்களிலிருந்தும் எளிய குடும்பங்களிலிருந்தும் கலைஞர்கள் மேடையேறினர் என்பது இவ்வடிவத்தின் பெருங்கொடை. ஆனால் போட்டிக்கு அதற்கேயுரிய ஓர் இயக்கவிதி உண்டு. சில நிமிடங்களுக்குள் நடுவரைச் சிரிக்க வைத்தாக வேண்டும். சூழலைக் கட்டியெழுப்ப நேரமில்லை. முன்பே எல்லாரும் அறிந்த அச்சு வார்ப்புகளே கைக்கு எளிதில் கிட்டுபவை. பெண் வேடமிட்ட ஆண், பருமனான பெண், கறுத்த மணமகள், திக்குவாய் மருமகன் ஆகியோர் அறிமுகமே தேவைப்படாத பாத்திரங்களாயினர். பார்வையாளர் எண்ணிக்கை வாரந்தோறும் அளக்கப்பட்டு விளம்பர வருவாயாக மாறும் தொழிலில், இடர் குறைந்த கேலியே இலாபமான கேலி. அமைச்சரைத் தொட்டால் வழக்கு வரும். ஆன்மிகத் தலைவரைத் தொட்டால் சிறை காத்திருக்கும். உடன் நடிக்கும் நடிகையின் உதட்டைத் தொட்டால் ஒன்றும் வராது. 2013இல் தொடங்கிய ‘காமெடி நைட்ஸ் வித் கபில்’ பெற்ற பெரும் வெற்றியில், மனைவி பாத்திரத்தின் வாயமைப்பும் ஒரு பெண் பாத்திரத்தின் பருமனும் வாரந்தவறாத நகைப்பொருள்களாக இருந்தன. தமிழில், திரைப்பட நகைச்சுவைக் காட்சிகளை நாள் முழுதும் ஒளிபரப்பும் ஆதித்யா, சிரிப்பொலி போன்ற அலைவரிசைகள், பழைய நிறக் கேலிகளையும் உருவக் கேலிகளையும் புதிய தலைமுறையின் செவிக்கு ஓயாமல் கொண்டு சேர்த்தன.

அமெரிக்காவிலிருந்து வந்த ‘ரோஸ்ட்’ என்னும் வடிவம் இதற்குப் புதிய நியாயம் ஒன்றை வழங்கியது. மூலத்தில் அது புகழ்பெற்ற ஒருவரை அவருடைய நண்பர்கள் கேலியால் சிறப்பிக்கும் சடங்கு. கேலிக்கு ஆளாகுபவர் முன்பே இசைந்து வருகிறார். இறுதியில் மறுமொழி கூறும் உரிமையும் அவருக்கு உண்டு. இசைவும் மறுமொழியும் இவ்வடிவத்தின் இரு தூண்கள். படத்தின் விளம்பரத்துக்காக ஒப்பந்தக் கடமையாக வரும் நடிகையிடம் இவை இரண்டும் இல்லை. வடிவம் இறக்குமதியானது, அதன் அறம் சுங்கச்சாவடியிலேயே தங்கிவிட்டது.

நகை பற்றிய பழைய இலக்கணங்கள் இவ்வேறுபாட்டை அறிந்திருந்தன என்பது வியப்புக்குரியது. தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் நகை பிறக்கும் நிலைக்களன்கள் நான்கினுள் எள்ளலை முதலில் வைக்கிறது. நகைச்சுவையில் இழிவுபடுத்தும் இயல்பு உண்டு என்பதை அது மறைக்கவில்லை. தன்னைப் பொருளாகக் கொண்ட சிரிப்பு, பிறரைப் பொருளாகக் கொண்ட சிரிப்பு என்ற பாகுபாட்டைத் தமிழ் உரைமரபும் பரதரின் நாட்டிய சாத்திரமும் பேசுகின்றன. ‘வெறும் நகைச்சுவைதானே’ என்ற இன்றைய தற்காப்பில் தொலைந்துபோவது இந்தப் பாகுபாடுதான். சிரிப்பவர் யார், சிரிக்கப்படுபவர் யார் என்ற வினாவைக் கேட்காமல் எல்லை பற்றிப் பேச இயலாது.

ஒளிபரப்பு விதிகள் இவ்வினாவை எவ்வாறு எதிர்கொண்டன? 1995ஆம் ஆண்டுக் கேபிள் தொலைக்காட்சிச் சட்டத்தின்கீழ் அமைந்த நிகழ்ச்சி நெறிமுறை, நற்சுவைக்கும் கண்ணியத்துக்கும் மாறானவற்றைத் தடுக்கிறது. சமயங்களையும் சமூகங்களையும் தாக்குவதையும், பெண்களை இழிவுபடுத்துவதையும், இன, மொழி, வட்டாரக் குழுக்களை ஏளனமாகக் காட்டுவதையும் விலக்குகிறது. உடற்குறை, தோல் நிறம், உடல் பருமன் ஆகியன அப்பட்டியலில் பெயர் சுட்டப்படவில்லை. ‘நற்சுவை’ போன்ற சொற்கள் எதையும் உள்ளடக்கும் அளவு விரிந்தவை. அதனாலேயே எளியவர் பற்றிப் பிடிக்க இயலாதவை. 2011இல் அலைவரிசைகள் தாமே அமைத்த புகார் மன்றமும் புகார் வந்தபின் இயங்கும் அமைப்பே. புகார் எழுதும் பழக்கமும் துணிவும் உள்ளவர்களுக்கே அது பயன்பட்டது.

நீதிமன்றங்களின் நிலைப்பாடும் மெல்லவே நகர்ந்தது. சீக்கியரை மடையராகக் காட்டும் துணுக்குகளைத் தடுக்கக் கோரிய வழக்கில், குடிமக்களுக்கு ஒழுக்க விதிகளை வகுப்பது நீதிமன்றத்தின் பணியன்று என்று 2017இல் உச்சநீதிமன்றம் கூறியது. ஏழாண்டுகள் கழித்து, 2024 ஜூலை 8 அன்று நிபுன் மல்ஹோத்ரா வழக்கில், தலைமை நீதிபதி டி.ஒய். சந்திரசூட், நீதிபதி ஜே.பி. பர்திவாலா அடங்கிய அமர்வு நுட்பமான வேறுபாடு ஒன்றை வரைந்தது. மாற்றுத்திறனைப் பற்றிய புரிதலை வளர்க்கும் நகைச்சுவை வேறு. மாற்றுத்திறனாளியை முடக்கி இழிவுபடுத்தும் நகைச்சுவை வேறு. முன்னதற்கு இடமளிக்க வேண்டும். பின்னதை ஊடகங்கள் தவிர்க்க வேண்டும். தலைப்பைத் தடைசெய்யாமல், சித்திரிப்பின் நோக்கையும் விளைவையும் எடைபோடும் வழியை அத்தீர்ப்பு காட்டியது. 2025 ஆகஸ்டில், முதுகுத்தண்டுத் தசைச் சிதைவு நோயர் உள்ளிட்டோரைக் கேலி செய்த இணைய நகைச்சுவையாளர்கள் வெளிப்படையாக மன்னிப்புக் கேட்குமாறு உச்சநீதிமன்றம் கூறியபோது, இவ்விவாதம் தொலைக்காட்சியைக் கடந்து விரிந்தது.

இங்கே ஒரு வலுவான மறுப்பு உண்டு. அதைத் தட்டிக்கழிக்க இயலாது. எளியவரைக் காக்க வகுக்கப்படும் எந்த எல்லையும் வலியவரின் கையில் ஆயுதமாகும் என்பதே அது. 2021 ஜனவரியில் இந்தூரில் கைதான முனவ்வர் ஃபாரூக்கி ஒரு மாதத்துக்கும் மேல் சிறையிலிருந்த பிறகே உச்சநீதிமன்றத்தில் இடைக்காலப் பிணை பெற்றார். உச்சநீதிமன்றமே மன்னிப்புக்கு ஆணையிடுவது நாளை எதற்கெல்லாம் முன்னுதாரணமாகும் என்ற அச்சமும் நியாயமானதே.

இந்த அச்சம் காட்டும் தீர்வு எல்லையே வேண்டாம் என்பதன்று. எல்லையை எதன்மேல் வரைவது என்பதை மாற்ற வேண்டும். ஜெரமி வால்ட்ரன் 2012இல் வெளிவந்த தம் நூலில், ஒருவர் மனம் புண்படுவதையும் சமூகத்தில் அவருக்குரிய மதிப்பு தகர்க்கப்படுவதையும் வேறுபடுத்துகிறார். கோபால் குரு பதிப்பித்த 2009ஆம் ஆண்டுத் தொகுப்பு, இழிவுபடுத்தல் என்பதை இந்தியச் சமூக அமைப்பின் உள்ளிருந்தே ஆராய்கிறது. இந்தியச் சட்டத்திலும் இம்மரபு இல்லாமலில்லை. 1989ஆம் ஆண்டின் பட்டியல் சாதிகள், பழங்குடிகள் வன்கொடுமைத் தடுப்புச் சட்டமும், 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டமும் பொதுவெளியில் வேண்டுமென்றே இழிவுபடுத்துவதையே குற்றமாகக் கொள்கின்றன. கூட்டத்தின் சினத்தை அளந்த 1927ஆம் ஆண்டுக் கோலுக்கு மாறான கோல் இது.

அக்கோலைக் காவல் நிலையத்தில் வைப்பதைவிட எழுத்தாளர் அறையில் வைப்பதே சிறந்தது. கேலிக்கு உள்ளாகுபவர் மறுமொழி கூறக்கூடிய நிலையில் இருக்கிறாரா? கேலி அவருடைய செயலைத் தொடுகிறதா, பிறப்பைத் தொடுகிறதா? அவரைப் போன்ற ஒருவர் அந்த எழுத்தாளர் அறையில் அமர்ந்திருந்தால் அந்த வரி எழுதப்பட்டிருக்குமா? இம்மூன்று வினாக்களையும் கேட்டுப் பார்த்தால் ஆன்மிகத் தலைவரைப் போன்ற வேடம் தேறிவிடும். நிறக் கேலி தேறாது. இந்தியத் தொலைக்காட்சி நகைச்சுவை எல்லை மீறியதுண்டு. ஆனால் மீறியதாகத் தண்டிக்கப்பட்ட இடமும் உண்மையில் மீறிய இடமும் வேறுவேறு.

தன்னிஷ்டா சாட்டர்ஜியால் எழுந்து வெளியேற முடிந்தது. அவருக்குப் பெயர் இருந்தது. பதிவை வாசிக்க ஊடகங்கள் இருந்தன. அந்த நிகழ்ச்சியில் கேட்ட கேலியை மறுநாள் காலை வகுப்பறையில் தன் பெயருக்குப் பதிலாகக் கேட்கும் மாணவிக்கு வெளியேற ஒரு மேடையும் இல்லை. வகுப்பைவிட்டு வெளியேறினால் அவள் இழப்பது படிப்பை.