பிரம்பு நாற்காலியிலிருந்து அதிகாரி நாற்காலிக்கு

பழைய அரசு அலுவலக நாற்காலிகளுக்கு இருக்கையும் முதுகும் பிரம்புப் பின்னல். பின்னல் அறுந்தால் திரும்பப் பின்ன ஆள் வேண்டும். ரயில்வே தொடங்கிப் பல துறைகளில் அந்த வேலைக்குப் பார்வையற்றவர்களை எடுத்தார்கள். விரல் பழகிய வேலை, கண் தேவையில்லை, நல்ல ஏற்பாடுதான். ஆனால் நாற்காலியைப் பின்னுகிறவர் ஒருநாள் அதிலேயே அதிகாரியாக உட்காரலாம் என்று அந்த ஏற்பாட்டைச் செய்தவர்களுக்குத் தோன்றியதில்லை. பார்வையற்றோரின் வேலை வரலாற்றில் முக்கால்வாசி, அவர்களால் எது முடியும் என்று மற்றவர்கள் போட்ட பட்டியல்தான்.

அந்தப் பட்டியலை நீட்டியது முதல் உலகப் போர். லண்டனில் ‘டெய்லி எக்ஸ்பிரஸ்’ நாளிதழைத் தொடங்கிய ஆர்தர் பியர்சன் கிளாக்கோமாவால் பார்வை இழந்தவர். போரில் கண் போன சிப்பாய்களுக்காக 1915இல் அவர் திறந்த விடுதிக்கு செயின்ட் டன்ஸ்டன்ஸ் என்ற பெயர் நிலைத்தது. கூடை முடைவது, செருப்புத் தைப்பது, கோழி வளர்ப்பது ஆகிய பழைய தொழில்களோடு தட்டச்சு, மசாஜ் சிகிச்சை, தொலைபேசி இணைப்பு வேலை ஆகியவற்றையும் அங்கே கற்றுக்கொடுத்தார்கள். கலிப்போலிப் போர்முனையில் பார்வை இழந்த நியூசிலாந்துக்காரர் கிளூத்தா மெக்கன்சி அங்கே பயிற்சி பெற்றவர். இரண்டாம் உலகப் போரின்போது இந்தியச் சிப்பாய்களுக்காக 1943இல் டேராடூனில் அதே பெயரில் ஒரு விடுதி திறந்தார்கள். அதை நடத்த வந்தவரும் மெக்கன்சியே.

தமிழகத்தில் படிப்புக்கான வாசல் முன்பே திறந்துவிட்டது. பாளையங்கோட்டையில் 1890 வாக்கிலேயே மிஷனரியான ஆஸ்க்வித் பார்வையற்ற பிள்ளைகளுக்குப் பாடம் தொடங்கிவிட்டார். 1931இல் பூந்தமல்லியில் அரசுப் பள்ளி வந்தது. படித்து முடித்தபின் எங்கே போவது என்பதுதான் கேள்வி.

அதற்குத் தொலைபேசி ஒரு விடை சொன்னது. பழைய ஸ்விட்ச்போர்டில் அழைப்பு வந்தால் அந்த இணைப்புக்குரிய சிறு தகடு ‘டக்’கென்று கீழே விழும். ஆபரேட்டர் விரலால் தடவி எந்த எண் என்று அறிந்து, கம்பியை உரிய துளையில் செருகிவிடுவார். எண்களை மனத்தில் வைத்திருப்பதிலும் குரலை வைத்து ஆளை அடையாளம் காண்பதிலும் பலர் கெட்டிக்காரர்கள். பிறகு தகடு போய் விளக்கு வந்தது. எரிகிற விளக்கைத் தடவியா கண்டுபிடிப்பது? ஒளி பட்டால் ஒலி எழுப்பும் சிறு கருவியைச் செய்து அந்தச் சிக்கலையும் தாண்டினார்கள். இந்தியாவில் 1977இல் மத்திய அரசு சி, டி பிரிவுப் பணியிடங்களில் பார்வையற்றோருக்கு ஒரு சதவீதம் ஒதுக்கியது. அதன்பின் வங்கி, அரசு அலுவலகம், பொதுத்துறை நிறுவனம் என்று எங்கும் டெலிபோன் ஆபரேட்டர் இருக்கை அவர்களுக்கானது என்றே ஆயிற்று.

அதுவும் நிலைக்கவில்லை. தானியங்கி இணைப்பகங்களும் நேரடி எண்களும், கடைசியாகக் கைபேசியும் வந்து ஆபரேட்டர் என்ற வேலையையே காலி செய்தன. ஒரே ஒரு கருவியை நம்பிய வேலைக்கு அந்தக் கருவியின் ஆயுள்தான்.

அடுத்த வாசல் ஐபிஎம் நிறுவனத்தில் திறந்தது. அங்கே பணியாற்றிய ஜிம் தாட்சருக்கு ஆராய்ச்சிப் படிப்பில் வழிகாட்டியவர் ஜெஸ்ஸி ரைட் என்ற பார்வையற்ற கணித அறிஞர். பிறகு இருவரும் ஐபிஎம்மில் சக ஊழியர்கள். ரைட் கணினியைப் பயன்படுத்த வேண்டும் என்பதற்காக 1980களின் நடுவில் தாட்சர் எழுதிய நிரல், திரையில் உள்ள எழுத்தைப் பேச்சாக மாற்றியது. அதற்கு ஐபிஎம் வைத்த பெயர் ‘ஸ்கிரீன் ரீடர்’. இன்று அந்த வகை மென்பொருள் எல்லாவற்றுக்கும் அதுவே பெயர்.

1978இல் விபத்தில் பார்வை இழந்த முன்னாள் மோட்டார் சைக்கிள் பந்தய வீரர் டெட் ஹென்டர் 1989இல் ‘ஜாஸ்’ என்ற ஸ்கிரீன் ரீடரைக் கொண்டுவந்தார். அன்றைய கணினிகளில் இருந்தது வெறும் எழுத்து. வரி வரியாகப் படித்துக்காட்டினால் போதும். விண்டோஸ் வந்ததும் திரை முழுக்கப் படமும் பொத்தானும். படத்தை எப்படிப் படிப்பது? கணினி வேலையில் காலூன்றத் தொடங்கியிருந்தவர்களுக்கு மறுபடி தொலைபேசி ஆபரேட்டர் கதை நடக்குமோ என்ற பயம் வந்தது. பார்வையற்ற ஊழியர்கள் கையாள முடியாத மென்பொருளை வாங்க மாட்டோம் என்று அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலம் அடம்பிடித்தது. ஜாஸ் 1995இல் விண்டோஸுக்கும் வந்தது. மைக்ரோசாஃப்ட் தன் பங்குக்கு, திரையில் உள்ள ஒவ்வொரு பொத்தானும் தான் யார் என்று ஸ்கிரீன் ரீடரிடம் சொல்லும் ஏற்பாட்டை 1997இல் செய்தது.

ஆனால் ஜாஸின் விலை இந்தியச் சம்பளத்துக்குக் கட்டுப்படியாகாது. 2006இல் ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த பார்வையற்ற இளைஞர் மைக்கேல் கரன் என்விடிஏ என்ற மென்பொருளை எழுதத் தொடங்கினார். நண்பர் ஜேம்ஸ் டெ சேர்ந்துகொண்டார். யார் வேண்டுமானாலும் இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். தமிழும் பேசும். இந்த வரலாற்றில் நம் ஊர்களுக்கு மிகவும் பயன்பட்டது எது என்றால் என் ஓட்டு இதற்குத்தான்.

தமிழ் பேசுமே தவிர, தமிழ்க் கோப்புகளைப் படிப்பதில் ஒரு வில்லங்கம் இருந்தது. பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் தட்டச்சு செய்த கோப்பு கண்ணுக்குத் தமிழ். கணினிக்கு அது பொருளற்ற ஆங்கில எழுத்துக் குவியல். ஸ்கிரீன் ரீடர் அந்தக் குவியலைத்தான் உரக்கப் படிக்கும். 2010இல் தமிழக அரசு, தமிழைத் தமிழாகவே கணினியில் பதியும் யூனிகோடைத் தரமாக ஏற்று ஆணையிட்டது. அதைப் பார்வையற்றோருக்கான சலுகையாக யாரும் நினைக்கவில்லை. பலன் என்னவோ அவர்களுக்கு மிக அதிகம்.

சட்டம் மெதுவாகத்தான் வந்தது. குடிமைப் பணித் தேர்வைப் பிரெயிலிலோ, சொல்வதை எழுதித்தரும் உதவியாளரைக் கொண்டோ எழுதலாம் என்பதற்கே 1993இல் உச்ச நீதிமன்றம்வரை போக வேண்டியிருந்தது. 1995இன் மாற்றுத்திறனாளிகள் சட்டம் இடஒதுக்கீட்டை உறுதி செய்தது. ஆனால், எந்தப் பதவி பொருந்தும் என்று இன்னும் அடையாளம் காணவில்லை, அதனால் ஒதுக்கீடு இல்லை என்று அரசே வாதாடியது. பழைய பட்டியலின் புதிய வடிவம் அது. ரவி பிரகாஷ் குப்தா வழக்கில் 2010இல் உச்ச நீதிமன்றம் அந்த வாதத்தைத் தள்ளியது. சென்னையைச் சேர்ந்த பெனோ செஃபைன், ஸ்டேட் வங்கி அதிகாரியாக இருந்தவர், 2015இல் இந்திய வெளியுறவுப் பணியில் சேர்ந்தார். முழுப் பார்வையின்மையுடன் அப்பணிக்கு வந்த முதல் ஆள் அவர்தான். அவரது படிப்புக்கு ஜாஸும் துணை; மணிக்கணக்கில் புத்தகம் வாசித்துக்காட்டிய தாயும் துணை.

நீதிபதி நாற்காலி மட்டும் சில மாநிலங்களில் எட்டாமல் இருந்தது. மத்தியப் பிரதேசத்தின் விதி பார்வையற்றோரை நீதித்துறைப் பணியிலிருந்து விலக்கியது. பார்வையற்ற ஒருவரின் தாய் எழுதிய கடிதத்தை உச்ச நீதிமன்றம் வழக்காக எடுத்து, 2025 மார்ச்சில் அந்த விதியை ரத்து செய்தது.

பதவி கிடைத்தாலும் தினசரித் தொல்லை தீர்ந்தபாடில்லை. இன்றும் பல அலுவலகங்களில் சுற்றறிக்கையைக் கணினியில் தட்டச்சு செய்து, அச்செடுத்து, கையெழுத்திட்டு, அதை ஸ்கேன் செய்து படமாக அனுப்புகிறார்கள். ஸ்கிரீன் ரீடருக்கு அது வெறும் படம். எழுத்தைப் பிரித்தெடுக்கும் மென்பொருளில் போட்டு, பிழையோடு வருவதை ஊகித்துத்தான் படிக்க வேண்டும். அலுவலகத்தில் இருக்கும் வாசகர்கள் அடுத்த சுற்றறிக்கையை அனுப்பும்போது, ஸ்கேன் பிரதியோடு யூனிகோடில் தட்டச்சு செய்த மூலக் கோப்பையும் இணைத்துவிடுங்கள்.