தோல்வியையும் பதிவு செய்த 1913-ன் மருத்துவ இதழ்

இந்தியன் ஜர்னல் ஆஃப் மெடிக்கல் ரிசர்ச் 1913-ல் ஆரம்பிச்ச இதழ். அப்போது நடத்தியது இந்திய ஆராய்ச்சி நிதி சங்கம். 1949-ல் அதுதான் ஐசிஎம்ஆர் ஆனது. இன்று சந்தா இல்லாமல் யாரும் படிக்கலாம்.

அதனால் என்ன லாபம்? ஒரு உதாரணம். செங்கல்பட்டு மாவட்டத்தில் 1968-ல் தொடங்கிய பிசிஜி தடுப்பூசி ஆய்வில் சுமார் 2.8 லட்சம் பேர் பங்கேற்றார்கள். 15 ஆண்டு கண்காணிப்பின் முடிவு 1999-ல் இதே இதழில் வந்தது: பெரியவர்களுக்குக் காசநோயிலிருந்து பாதுகாப்பு இல்லை, குழந்தைகளுக்கும் பலன் குறைவுதான். (பதற வேண்டாம். மூளையைத் தாக்கும் காசநோயிலிருந்து குழந்தைகளைக் காப்பதால்தான் பிறந்ததுமே பிசிஜி போடுகிறார்கள்.) கசப்பான முடிவுதான். ஆனாலும் நூற்றாண்டான 2013-ல் அந்தக் கட்டுரையை இதழ் மறுபடியும் அச்சிட்டது. ஊசி போட்டுக்கொண்டவர்களின் பேரப்பிள்ளைகள் இப்போது போனிலேயே, காசு கட்டாமல், அதைப் படிக்கலாம்.