பித்தளையும் குதிரை லாயமும்

கொஞ்சம் நீண்ட பதிவு. பொறுமையாகப் படியுங்கள்.

போன வாரம் டெக்சாஸிலிருந்து ஒரு பழைய மாணவன் போனில் பேசினான். அங்கே துப்பாக்கி சுடும் மன்றம் ஒன்றில் சேர்ந்திருக்கிறானாம். சுட்டபின் மிஞ்சும் பித்தளைத் தோட்டாக் கூடுகளைத் துலக்கி, மறுபடி மருந்து அடைத்துப் பயன்படுத்துவது அந்த ஊரில் சாதாரணப் பொழுதுபோக்கு. (நம் ஊரில் உரிமம் இல்லாமல் யாரும் இதில் இறங்க வேண்டாம். 1959 ஆயுதச் சட்டம் இருக்கிறது.) "சார், ஆண்டு விழாக் குத்துவிளக்குக்கு பாலிஷ் போடச் சொல்லிக் கொடுத்தீங்களே, அதே மாதிரி தேய்ச்சேன். தங்கமா மின்னுது" என்றான்.

எனக்குப் பகீர் என்றது. "பாலிஷில் அம்மோனியா இருக்கா பார்" என்றேன். இருந்தது.

ஏன் பதறினேன் என்பதற்கு ஒரு பழைய கதை சொல்ல வேண்டும். அது நம் நாட்டில் நடந்தது.

பிரிட்டிஷ் ராணுவம் இங்கே இருந்த காலத்தில், மழைக்காலம் வந்தால் படை நடமாட்டம் குறையும். தோட்டாக்களைக் குதிரை லாயங்களில் வைத்துவிடுவார்கள். மழை ஓய்ந்து எடுத்துப் பார்த்தால் பல தோட்டாக்களில் கீறல் விட்டிருக்கும். அதுவும் குண்டை இறுக்கிப் பிடித்திருக்கும் கழுத்துப் பகுதியில்தான் அதிகம். யாரும் சுடவில்லை, கீழே போடவில்லை. பெட்டியில் இருந்தபடியே வெடித்திருக்கிறது. மழைக்காலத்தோடு வந்ததால் ஆங்கிலத்தில் இதற்குப் 'பருவ வெடிப்பு' என்ற பொருளில் பெயர் வைத்தார்கள். காரணம் மட்டும் பிடிபடவில்லை.

1921-இல்தான் மூர், பெக்கின்சேல், மாலின்சன் என்ற மூன்று ஆய்வாளர்கள் விளக்கினார்கள். குதிரை மூத்திரத்திலிருந்து கிளம்பும் அம்மோனியா ஒரு காரணம். மற்றது கூட்டுக்குள்ளேயே இருந்தது. தோட்டாக் கூடு 70 பங்கு செம்பும் 30 பங்கு துத்தநாகமும் கலந்த பித்தளை. வட்டத் தகட்டைச் சூடு இல்லாமல் அழுத்தி அழுத்திக் குழாயாக நீட்டுவார்கள். அப்படி நீட்டும்போது உலோகத்துக்குள் ஓர் இறுக்கம் தங்கிவிடுகிறது. இறுக்கம், ஈரம், அம்மோனியா மூன்றும் சேர்ந்தால் பித்தளையின் நுண்மணிகளுக்கு இடையே கீறல் ஓடும். மருந்தும் கண்டுபிடித்தார்கள்: 300 டிகிரிக்கு உட்பட்ட மிதமான சூடு காட்டினால் இறுக்கம் தளரும், கூட்டின் உறுதி குறையாது.

குத்துவிளக்குக்கு ஏன் ஒன்றும் ஆகவில்லை? அது அச்சில் வார்த்தது, கனமானது. அந்த இறுக்கம் அதில் பெரிதாக இல்லை. நான்தான் "பித்தளை என்றால் பாலிஷ்" என்று பொதுவாகச் சொல்லிவிட்டேன். முப்பது வருஷம் கழித்து அந்தப் பாடம் தோட்டாவில் போய் நிற்கும் என்று யார் கண்டது!

இந்தக் கூடுகளுக்கு மனிதர்கள் செய்த கெடுதல் இன்னொன்றும் உண்டு. கரிமருந்து காலத்தில் சுட்ட கூட்டை உடனே தண்ணீரில் கழுவியாக வேண்டும். இல்லாவிட்டால் உள்ளே ஒட்டிய கசடு ஈரத்தை இழுத்துக் களிம்பு ஏற்றும். ஆனாலும் கழுவினால் போய்விடும். பிறகு புகையில்லா மருந்து வந்தது. (நம் நீலகிரி அருவங்காட்டில் 1903-இல் தொடங்கிய தொழிற்சாலை அதற்காகத்தான்.) கசடு குறைந்ததே என்று மகிழ்ந்தார்கள். ஆனால் அன்றைய எரிகுச்சி மருந்தில் பாதரசம் இருந்தது. முன்பு கரிக்கசடு அதை ஏந்திக்கொண்டது. கசடு குறைந்ததும் பாதரசம் நேராகப் பித்தளைக்குள் புகுந்து அதை நொறுங்கவைத்தது. அதை எந்தக் கழுவலும் எடுக்காது. பார்க்கச் சுத்தமாக இருந்த கூடுதான் மறுபடி அடைத்தபோது கையைக் கடித்தது. பின்னர் பாதரசத்தையே விட்டுவிட்டார்கள்.

மாணவனுக்கு நான் சொன்னது இவ்வளவுதான். நம் வீட்டுப் புளியைப் போலவே எலுமிச்சை உப்பும் லேசான புளிப்பு. வெந்நீரில் கொஞ்ச நேரம் போட்டு, நன்றாக அலசி, காய வை. நேரம் அதிகமானால் துத்தநாகம் கரைந்து செம்பு நிறம் தட்டும். புளியில் ஊறவைத்து மறந்துபோன சொம்பை நம் அம்மாக்கள் பார்த்திருப்பார்கள். சமையல் பாத்திரத்தில் ஊறவைக்காதே. சுட்ட கூட்டில் ஈயத் தூள் இருக்கும், வீட்டில் குழந்தை இருக்கிறது. பிறகு நாலைந்து கூடுகளைக் கையில் குலுக்கிக் கேள். கீறல் விட்டது மங்கலாக ஒலிக்கும். சந்தையில் பானையைத் தட்டிப் பார்த்து வாங்குவோமே, அதே காதுதான்.

நேற்று ராத்திரி பதில் அனுப்பியிருந்தான். பாலிஷ் போட்ட கூடுகளைக் குலுக்கிப் பார்த்தானாம். இரண்டு மங்கலாக ஒலித்தன. பாலிஷினாலா, முன்பே இருந்ததா என்று அவனுக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை. மொத்தத்தையும் பழைய பித்தளைக்குப் போட்டுவிட்டான்.