அணையாத தீ

நைஜீரியாவின் ஒலோய்பிரியில் 1956இல் எண்ணெய் கிடைத்தது. எண்ணெயோடு வெளிவரும் எரிவாயுவை மின்சாரமாக்கியிருக்கலாம். செலவாகும் என்று கம்பெனிகள் கிராமங்களுக்குப் பக்கத்திலேயே கொளுத்தின. ராத்திரியெல்லாம் அந்த வெளிச்சம். பல வீடுகளில் கரண்ட் இல்லை.

1984 ஜனவரி 1க்குப் பிறகு எரிக்கக் கூடாதென 1979இல் சட்டம் போட்டார்கள். அமைச்சர் அனுமதித்தால் எரிக்கலாமாம்! ஓட்டையோடு பிறக்கும் சட்டங்கள் நமக்குப் புதிதா, தோழர்களே?

நிலைத்த எரிசக்தி என்று இன்று மாநாடுகளில் பேசுகிறார்கள். தங்கள் மண்ணின் வளத்தில் பங்கும் அந்த மண்ணைக் காக்கும் உரிமையும் வேண்டுமென்று ஒகோனி மக்கள் 1990இலேயே சாசனம் எழுதிக் கேட்டார்கள். அவர்களின் போராட்டத்தை முன்னெடுத்த எழுத்தாளர் கென் சாரோ-விவாவையும் இன்னும் எட்டுப் பேரையும் 1995 நவம்பர் 10 அன்று ராணுவ அரசு தூக்கிலிட்டது. இதை நாம் உரிமைப் போராட்ட வரலாறாகவே படிக்கிறோம்.

எரிவாயுவை எரிப்பது வாழ்வுரிமை மீறல் என்று 2005இல் நைஜீரிய நீதிமன்றம் ஒன்று தீர்ப்பளித்தது. எரிப்பு நிற்கவில்லை.